சித்திரைப் பூவுக்குக் கார்த்திகையிலேயே கத்தரி: மல்லிகை கேள்வி பதில்

கேள்வி (மதுரை): கார்த்திகையில் குண்டுமல்லியைக் கவாத்து பண்ண விட்டுப்போச்சு. இப்போ மாசி. ஒட்ட வெட்டிவிடலாமா?

வேண்டாம். இப்போது ஒட்ட வெட்டினால் செடி தழைத்து மொட்டு வைப்பதற்குள் பாதி சீசன் ஓடிவிடும். குண்டுமல்லிக்குச் சரியான நேரம் நவம்பர் கடைசி வாரம். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதை வெட்டி, காய்ந்த குச்சியையும் உள்பக்கமாகப் பின்னி வளரும் கிளைகளையும் எடுத்து, மிச்ச இலையையும் உருவிவிட வேண்டும். அதன் பலன்தான் பங்குனியில் தெரியும்.

மல்லிகை புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். ஆகவே இப்போதைக்கு ஒவ்வொரு கிளை நுனியிலும் 3, 4 கணு மட்டும் நறுக்குங்கள். கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக. மேல்மண்ணைக் கிளறி, தொட்டிக்கு 2 கைப்பிடி மண்புழு உரமும் 1 கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து தண்ணீர் விடுங்கள். ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் அந்தக் கிளைகளில் மறுபடி 2 கணு நறுக்கினால் அடுத்த சுற்று வரும். பலரும் பூப் பறிப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பிறகு கிளைதான் நீளுகிறது.

கேள்வி (சென்னை): முல்லை, பிச்சிக்கும் இதே நேரம்தானா?

இல்லை. பிச்சிக்கு (ஜாதிமல்லி) டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி.

கேள்வி (கோவை): செடி கருகருவென்று தழைத்திருக்கிறது. ஒரு மொட்டுகூட இல்லை. வாரம் தவறாமல் கடலைப்புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். மேலே நிழல்வலை போட்டிருக்கிறேன்.

இரண்டு காரணத்தையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். கடலைப்புண்ணாக்கில் தழைச்சத்துதான் (நைட்ரஜன்) அதிகம். வாரா வாரம் கொடுத்தால் இலைதான் வரும். ஒரு மாதம் நிறுத்துங்கள். நிழல்வலை கீரைக்கும் நாற்றுக்கும் நல்லது. மல்லிகைக்குத் தினமும் 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். வலையை எடுத்துவிட்டு, இலை லேசாகத் தொய்யும்வரை தண்ணீரை நிறுத்திவையுங்கள். பிறகு நுனி நறுக்கி, நன்றாகத் தண்ணீர் விட்டால் துளிரோடு மொட்டும் வரும். காகிதப்பூவுக்கும் இந்தக் காயப்போடும் வேலை நன்றாகவே பலிக்கும்.

கேள்வி (திருச்சி): மொட்டு ஊதா நிறமாகி உதிர்கிறது. வேப்பெண்ணெய் அடித்தும் நிற்கவில்லை.

முதலில் மொட்டைப் பிட்டுப் பாருங்கள். ஓட்டையும் நூலாம்படை மாதிரிப் பின்னலும் இருந்தால் மொட்டுப்புழு. ஓட்டை இல்லாமல் மொட்டின் அடி வீங்கி, வளராமல் நின்றிருந்தால் மொட்டு ஈ. வைத்தியம் இங்கேதான் பிரிகிறது.

புழுவுக்கு: கெட்ட மொட்டையெல்லாம் பறித்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைய 1 மி.லி. சோப்புக் கரைசல், சாயங்காலம், வாரம் ஒருமுறை. வெயிலில் அடித்தால் இலை கருகும். விரிகிற மொட்டுகளைப் பறித்துவிட்டு அடியுங்கள், தலையில் வைக்கும் பூ அல்லவா.

ஈக்கு: அதன் புழு மொட்டுக்குள்ளே இருக்கும், மருந்து எட்டாது. வளர்ந்ததும் மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகும். எனவே உதிர்ந்த மொட்டை அன்றாடம் பொறுக்கி அழியுங்கள், மேல்மண்ணைக் கொத்திவிட்டு வேப்பம்புண்ணாக்கு கலந்துவிடுங்கள். உங்களுடையது நிற்காததற்கு இதுவாகத்தான் இருக்கும். மேலே மட்டும் அடித்துக்கொண்டு தரையை விட்டுவிட்டீர்கள்.

கேள்வி (ராமநாதபுரம்): இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. போர் தண்ணீர்தான் விடுகிறேன். சாம்பலும் முட்டை ஓடும் போடுகிறேன்.

இளந்துளிரில் அப்படி இருந்தால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மை ஏறினால் வேர் எடுக்காது. சாம்பலும் முட்டை ஓடும் அந்தக் காரத்தை இன்னும் ஏற்றுகின்றன, நிறுத்துங்கள். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, இலை பச்சை திரும்பும்வரை 15 நாளுக்கு ஒருமுறை மாலையில் தெளியுங்கள். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதையே ஊற்றுங்கள்.

கேள்வி (சென்னை): மாடியில் பாலிதீன் பசுமைக்குடில் போட்டால் மல்லிகை சீக்கிரம் பூக்குமா?

சென்னை வெயிலில் அது அடுப்பாகிவிடும். வேர்விட நடும் குச்சிக்கு மட்டும் சின்னதாக, நிழலில் வையுங்கள். பென்சில் பருமனில் 3 கணுவுள்ள குச்சி, அடி இலையை நீக்கி, 2 கணு ஆற்றுமணலில் புதையும்படி நட்டு, ஈரம் காயாமல் பாலிதீனால் மூடிவையுங்கள். ஆடியிலிருந்து ஐப்பசிவரை நட்டால் வேர் நன்றாகப் பிடிக்கும். தொட்டிக்கு மாற்ற 4, 5 மாதம் ஆகும்.

கேள்வி (மதுரை): தொடுக்கிற பூ சாயங்காலம்வரை மொட்டாகவே இருக்க?

விடியற்காலையில், வெயில் ஏறுமுன், முற்றி வெளுத்த மொட்டாகப் பறியுங்கள். பச்சை மொட்டு விரியாது. கழுவாமல், ஈரத்துணியில் தளர்வாகச் சுற்றி வையுங்கள். தண்ணீர் தேங்கினால் இதழ் பழுத்துவிடும்.