நித்திரை வராத தம்பிக்கு

தம்பி, கனடாவில ஸ்காபரோவுக்கு வந்து ஐஞ்சு மாதமாகியும் நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்குது, டொக்டரிட்டப் போனால் விசரன் எண்டு ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடுமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். வாடகை அறையும் லைசென்சும் ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். நான் நித்திரையைப் பற்றி எழுதுறன்.

நான் 1992 மார்கழியில வந்தனான். பேஸ்மென்டில ஆறு பேர். இரவிரவாய்க் கோப்பை கழுவிப்போட்டு வந்து பகலில படுத்தால் கண் மூடாது. அடுத்த யூலை 1, கனடா நாள் வாணவேடிக்கைச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழ பூந்திட்டன். கூட இருந்த பெடியள் சிரிச்சாங்கள். அவங்களும் ஊரில சண்டைக்காலத்தில பொம்மர் (குண்டு போடுற பிளேன்) வரேக்க பங்கருக்குள்ள (பதுங்குகுழிக்குள்ள) ஓடினவங்கள்தான்.

டொக்டரிட்ட மொழிபெயர்க்கச் சொந்தக்கார அண்ணை ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போனன். நான் அழுதழுது சொன்னதை அவர் "வேலைக் களைப்பு" எண்டு ஒரு சொல்லில முடிச்சிட்டார். குடும்ப மானம் போயிடும் எண்ட பயம் அவருக்கு. சத்துக் குளிசையோட திரும்பி வந்தம். ரண்டு வருஷம் வீணாப் போச்சு. சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. இப்ப இஞ்ச தமிழ் கதைக்கிற டொக்டர்மார் இருக்கினம். 2004ஆம் ஆண்டு ஒன்ராறியோச் சட்டப்படி, உயிராபத்து மாதிரி நிலைமை தவிர, உங்கட கதையை உங்களைக் கேட்காமல் வீட்டாருக்குச் சொல்ல ஏலாது.

பிறகு மனநல டொக்டர் ஒருத்தர் பத்து நிமிஷம் கேட்டுப்போட்டுக் குளிசை எழுதினார். முதல் கிழமையள் வயித்தைப் பிரட்டினது, ஒண்டரை மாதத்தில நித்திரை வந்தது. சுகமாயிட்டுது எண்டு நானாய் ஒரே நாளில விட்டன். தலைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி, நடக்க ஏலாத சுத்து. குறைக்கிறதெண்டால் டொக்டரிட்டச் சொல்லி மெல்ல மெல்லக் குறையுங்கோ. இதில மட்டும் என்ர பிழையைச் செய்யாதேங்கோ.

கவுன்சிலிங்கும் அப்பிடித்தான். முதல் ஆள், ஊருக்குக் காசு அனுப்புறதை நிப்பாட்டினால் பாரம் குறையும் எண்டா. அம்மாவையும் தங்கச்சிமாரையும் விட்டிட்டு எனக்கென்ன நிம்மதி? நாலாம் தரம் போகேல்லை. ரண்டாவது ஆள் ஒண்டும் சொல்லாமல் ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தா. அவவிட்டத்தான் என்ர அண்ணாவின்ர கதையை முதன்முதல் வாய் திறந்து சொன்னன். சரிவரேல்லையெண்டால் ஆளை மாத்துங்கோ. குடும்ப டொக்டருக்கும் மனநல டொக்டருக்கும் ஓஹிப் (ஒன்ராறியோ அரசாங்க மருத்துவக் காப்புறுதி) கட்டும். தனியார் கவுன்சிலருக்குக் கட்டாது, வேலையிடத்துப் பெனிபிட்டைப் பாருங்கோ. சாகலாம்போல வந்தால் எந்த நேரமெண்டாலும் தற்கொலைத் தடுப்பு உதவி நம்பர் 988க்கு அடியுங்கோ, காசில்லை.

எங்கட ஆக்கள் நாலு அறை வீட்டைக் காட்டுவினம், மாடியில கதவடைச்சுக்கிடக்கிற மகனைக் காட்டமாட்டினம். கேட்டால் "அங்கொடைக் கேஸ் எண்டு சொல்லிப்போடுவாங்கள்" எண்டுவினம். அங்கொடை எண்டால் கொழும்புப் பக்கத்து மனநோய் ஆஸ்பத்திரி. கோயிலுக்கு நேர்த்தி வையுங்கோ, நானும் வைச்சனான். ஆனால் அப்பொயின்ட்மென்டையும் விடாதேங்கோ.

மகளுக்கு மூண்டு வயசு நடக்கேக்க அந்த ரண்டாவது கவுன்சிலர்தான் வாணவேடிக்கையைத் தூரத்தில நிண்டு பாத்துப் பழகச் சொன்னவ. பார்க்குக்கு வெளியில, கார்க் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டம். முதல் வெடிக்குக் கை நடுங்கினது. மகள் தோளில இருந்து "அப்பா, இன்னொண்டு" எண்டு கேட்டுக்கொண்டிருந்தா. முடியுமட்டும் நிண்டனான்.