ஒரு மூக்கில் மட்டும் நாற்றச் சளி வந்தால் பல்லைப் பாருங்கள்

பல்லின் கூர் ஓரங்களை அரத்தால் அராவினால் உங்கள் குதிரை பட்டினி கிடந்து சாகாது. உங்கள் நீண்ட கடிதத்தில் நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது இதைத்தான் என்று படுகிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், "இடது மூக்கில் மட்டும் கொஞ்சம் சளி, கெட்ட வாடை, மருந்துப் பொடி கொடுத்தேன், நின்றது, மறுபடி வருகிறது" என்று. மற்ற எல்லாவற்றையும் விட அந்த வரிதான் எனக்குக் கவலை.

குதிரைக்கு இரண்டு மூக்கிலும் சளி ஒழுகினால் பெரும்பாலும் தொண்டையிலோ நெஞ்சிலோ தொற்று. ஒரே பக்கம் ஒழுகி, அழுகிய வாடையும் அடித்தால் முதலில் பல்லைத்தான் சந்தேகிக்க வேண்டும். மேல்தாடையின் பின்பக்கக் கடைவாய்ப் பற்களின் வேர்கள் சைனஸ் அறைக்கு, அதாவது மூக்கோடு சேர்ந்த காற்றறைக்கு, நேர் அடியில் இருக்கின்றன, நடுவே இருப்பது மெல்லிய எலும்புதான். பல்லில் விரிசல் விட்டு அதற்குள் தீவனம் போய் அழுகினால், கிருமி வேர்வரை ஏறிச் சீழ் பிடிக்கும். அந்தச் சீழ் எலும்பை அரித்து சைனஸில் நிரம்பி, அந்தப் பக்க மூக்கு வழியே வழியும். இப்படி விரிசல் விடுவதில் முன்னால் நிற்பது மேல்தாடையின் நான்காவது கடைவாய்ப் பல், ஒரு வயதிலேயே முளைத்துவிடுவதால் வாயிலேயே மிகப் பழைய நிரந்தரப் பல் அதுதான்.

"நன்றாகச் சாப்பிடுகிறாள், அதனால் பல்லில் ஒன்றும் இருக்காது" என்று நீங்களே முடிவுகட்டியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. வேரில் சீழ் வைத்துக்கொண்டே வழக்கம்போல் மேயும் குதிரைகள் நிறைய. வலியைக் காட்டிக்கொள்ளாத பிராணி அது, பசி எடுத்தால் மறுபக்கத்தால் மென்று சமாளித்துக்கொள்ளும்.

அந்த மருந்துப் பொடி விஷயத்தைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். போன தடவை காலில் பட்ட காயத்துக்குக் கொடுத்து மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை, அளவும் தெரியாமல் நாளும் தெரியாமல் தீவனத்தில் கலந்து கொடுத்திருக்கிறீர்கள். செத்துப்போன பல் உள்ளே இருக்கும்வரை எந்த மருந்தும் சீழைக் கொஞ்ச நாள் அடக்கும், அவ்வளவுதான். வாடை போனதும் குணமாகிவிட்டது என்று நீங்கள் நிம்மதியாக இருந்த நாட்களில் உள்ளே எலும்பு கெட்டிருக்கலாம், கிருமியும் மருந்துக்குப் பழகியிருக்கலாம். இனி ஒரு சிட்டிகைகூடக் கொடுக்காதீர்கள். மருத்துவர் பார்க்கும்வரை வலி மருந்தும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

இந்த வாரத்துக்குள் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், குதிரைப் பல் பார்த்துப் பழகியவராக இருந்தால் நல்லது. அவர் வருவதற்குள், கண்ணுக்குக் கீழே இரண்டு கன்ன எலும்பையும் தடவி ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு பக்கம் வீங்கியிருக்கிறதா, அந்தக் கண்ணில் நீர் வழிகிறதா என்று. வாய்க்குள் மட்டும் கையை விடாதீர்கள், கடைவாயில் மாட்டினால் விரல் போய்விடும். ஆனால் இரண்டு மூக்கிலும் மென்ற தீவனம் கலந்து வந்து, குதிரை கழுத்தை நீட்டி இருமினால் அது தீவனம் உணவுக்குழாயில் அடைத்ததன் அடையாளம். தீவனம், தண்ணீர் இரண்டையும் எடுத்துவிட்டு உடனே கூப்பிட வேண்டும், அதற்கு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. மூக்கில் ரத்தம் வந்தாலும் அப்படித்தான்.

சரி, நீங்கள் கேட்ட மற்றவை. மேல் ஓர வெட்டுப்பல்லில் ஈறிலிருந்து இறங்கும் பழுப்புக் கோடு விரிசல் இல்லை. ஏறக்குறைய 10 வயதில் ஈறோரம் தெரியத் தொடங்கி, 15 வயதில் பாதிப் பல்வரையும் 20 வயதில் அடிவரையும் இறங்கும் பள்ளம் அது, வயதைக் கணிக்க அந்தக் காலத்திலிருந்தே அதைப் பார்ப்பார்கள். உங்களுடையதற்கு 13 வயது, கோடு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. பல் மஞ்சளாகவும் பழுப்பாகவும் இருப்பது இயல்பு, தேய்த்து வெளுக்க வேண்டாம். லத்தியில் அங்கங்கே நீளமான நார் தெரிவதும் பரவாயில்லை. பாதி மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்பினால்தான் கவலைப்பட வேண்டும், அது இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடிவாளம் போட்டால் தலையை உதறுவதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதே பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இனி அராவுவது பற்றி. யாரோ இயந்திரத்தால் பல்லைத் தேய்த்துத் தள்ளும் வீடியோவைப் பார்த்துவிட்டு 2 வருடமாகப் பல் பரிசோதனையையே நிறுத்தியிருக்கிறீர்கள், விரிசலை முன்னமே பிடித்திருக்கக்கூடிய 2 வருடம் அது. உங்கள் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அளவுக்கு மீறித் தேய்த்தால் பல்லுக்குள் இருக்கும் உயிருள்ள கூழ் சூடுபட்டுச் செத்துப்போகும், மேற்பரப்பை வழவழப்பாக்கிவிட்டால் புல்லை அரைக்க முடியாது. ஆனால் சரியாகச் செய்பவர் பல்லை மழிப்பதில்லை. குதிரைக்கு மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல், அதனால் மேல்பல்லின் வெளி ஓரமும் கீழ்ப்பல்லின் உள் ஓரமும் தேயாமல் கத்திபோல் கூராகி கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். எடுப்பது அந்தக் கூர் ஓரத்தை மட்டும்தான். தேய்மானத்துக்கு ஈடாகப் பல் வருடத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் மேலே வந்துகொண்டே இருக்கும், ஈறுக்குள் புதைந்திருக்கும் அந்தச் சேமிப்பு தீர்வது முதுமையில். வாய் திறப்பான் மாட்டி, விளக்கும் கண்ணாடியும் வைத்து, தேவைப்பட்டால் மயக்க ஊசி போட்டு, கடைசிப் பல்வரை பார்க்கிறாரா என்று கவனியுங்கள், ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டுக் கிளம்புபவரைத் திரும்பக் கூப்பிடாதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை போதும். பால்பல் விழும் 2 முதல் 5 வயது வரையிலும், 20 வயதுக்கு மேலும் 6 மாதத்துக்கு ஒரு முறை.

எக்ஸ்ரேயில் பல்லே காரணம் என்று தெரிந்தால் பெரும்பாலும் பிடுங்க வேண்டிவரும். பயப்படாதீர்கள். குதிரையை நிற்கவைத்தபடியே, மயக்கமும் மரத்துப்போகும் ஊசியும் போட்டு வாய் வழியாகவே எடுத்துவிடலாம், சைனஸில் தேங்கிய சீழைக் கழுவிவிடுவார்கள். ஒரு பல் போனதால் சாப்பாடு நிற்காது. ஆனால் அதற்கு எதிரே கீழ்த்தாடையில் இருக்கும் பல் உரச ஆளில்லாமல் ஓட்டையை நோக்கி நீண்டுகொண்டே போகும். அதை 6 மாதத்துக்கு ஒரு முறை, அவள் ஆயுள் முழுக்க, அராவ வேண்டியிருக்கும்.