காயத்தைப் பார்த்துக் கத்தியைச் சொல்ல முடியுமா?

கேள்வி: பிரேதப் பரிசோதனை அறிக்கையில் வயிற்றுக் குத்துக்காயத்தின் ஆழம் 12 செ.மீ. கைப்பற்றிய கத்தியின் அலகு நீளமோ 9 செ.மீ.தான். அப்படியானால் கத்தி வேறா?

பதில்: அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. வயிறு அமுங்கும். வேகமாகக் குத்தும்போது வயிற்றுச் சுவர் உள்வாங்குவதால், 9 செ.மீ. அலகின் முனை அதைவிட ஆழத்தில் உள்ள உறுப்பையும் தொட்டுவிடும். காயத்தின் ஓரத்தில் பிடி மோதிய கன்றல் இருந்தால், அலகு முழுவதும் இறங்கியதற்கு அது நல்ல அடையாளம்.

காயத்தின் நீளமும் ஏமாற்றும். கத்தியை உருவியதும் தோல் சுருங்குவதால் அலகின் அகலத்தைவிட ஒன்றிரண்டு மி.மீ. குறையலாம், குத்துப்பட்டவர் திமிறினாலோ கத்தி திரும்பினாலோ கூடிவிடும். தோலின் நார்கள் ஓடும் திசைக்கு (லாங்கர் கோடுகள்) குறுக்கே பட்ட காயம் வாய் பிளந்து நிற்கும், இணையாகப் பட்டது கோடு போல ஒடுங்கிக் கிடக்கும். ஒரே கத்தியே இரண்டையும் செய்திருக்கலாம்! அதனால் முதலில் உள்ளபடியே அளந்து படமெடுத்துவிட்டு, விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து மறுபடி அளப்பார்கள். ஆழம் பார்க்கக் கம்பியை விட்டுத் துழாவுவதுதான் பெரிய தவறு. மெல்லிய திசுவில் கம்பியே புதுப் பாதை போட்டுவிடும். அடுக்கடுக்காக அறுத்துப் பார்ப்பதே முறை.

ஒருபக்கக் கூர்க்கத்தி என்றால் காயத்தின் ஒரு முனை கூராகவும் மறுமுனை மழுங்கலாகவும் இருக்கும் என்பார்கள். பல சமயம் அப்படித்தான். ஆனால் மழுங்கல் பக்கத்திலும் தோல் கிழிந்து, இரு முனையும் கூராகத் தெரிவதுண்டு. 'இந்தக் கத்தியால் ஏற்பட்டிருக்கலாம்' என்று மருத்துவர் சொல்வது மழுப்பல் அல்ல. எலும்பில் ஒடிந்து நின்ற முனைத்துண்டு கத்தியோடு பொருந்தினால் மட்டும் கதை வேறு.

கேள்வி: தலையில் கட்டையடி பட்டாலும் கத்தியால் வெட்டியது போலவே பிளக்கிறதே, எப்படிப் பிரித்தறிவது?

பதில்: அடியில் எலும்பு இருப்பதால் தோல் நேர்கோடாகப் பிளக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் குட்டு வெளிப்படும்: விளிம்பில் சிராய்ப்பு, நசுங்கிய முடிவேர்கள், காயத்துக்குள் அறுபடாமல் குறுக்கே ஓடும் நார்களும் நரம்புகளும். கூரிய ஆயுதம் இவற்றையெல்லாம் சேர்த்து அறுத்துவிடும், முடியும் துல்லியமாக வெட்டுப்பட்டிருக்கும்.

கேள்வி: கைகளில் தற்காப்புக் காயம் இல்லாவிட்டால் எதிர்ப்பே இல்லை என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. உள்ளங்கை, விரல்கள், முன்கையின் சுண்டுவிரல் பக்கம் வெட்டு இருந்தால் தடுத்திருக்கிறார் என்பதற்கு வலுவான அறிகுறி. இல்லையென்றால், உறங்கியிருக்கலாம், பின்னாலிருந்து தாக்கப்பட்டிருக்கலாம், மயக்கத்தில் இருந்திருக்கலாம்.