சிங்கப்பூரில் வாடகை வீட்டு முதலீடு: புதியவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (தெம்பனிஸ்): நானும் கணவரும் குடிமக்கள். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீட்டின் கடனை அடைத்துவிட்டோம். 1.2 மில்லியன் வெள்ளிக்குக் கொண்டோமினிய (தனியார் அடுக்குமாடி) வீடு ஒன்றை வாங்கி வாடகைக்கு விடலாமா? மாதம் 3,800 வெள்ளி கிடைக்கும் என்கிறார் முகவர்.

பதில்: உரிமையாளரே வசிக்க வேண்டிய குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்திருந்தால், வீவக வீட்டை வைத்துக்கொண்டே வாங்க விதியில் தடையில்லை. ஆனால், 2023 ஏப்ரல் 27 முதல் இரண்டாவது வீடு வாங்கும் குடிமக்கள் 20 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி செலுத்த வேண்டும் என்பதால், உங்களுக்கு அதுவே 240,000 வெள்ளி ஆகிறது. வழக்கமான முத்திரை வரி 32,600 வெள்ளியையும் சேர்த்தால் மொத்தச் செலவு 1,472,600 வெள்ளி.

இனி வரவைப் பாருங்கள். ஆண்டு வாடகை 45,600 வெள்ளி. உரிமையாளர் குடியிருக்காத வீட்டுக்குச் சொத்து வரி கூடுதல். ஆண்டு மதிப்பு (வீட்டுக்கு ஓராண்டில் கிடைக்கக்கூடிய வாடகை என்று வரித்துறை மதிப்பிடும் தொகை) 40,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், முதல் 30,000க்கு 12 விழுக்காடும் மீதிக்கு 20 விழுக்காடுமாக 5,600 வெள்ளி போகும். மாதம் 350 வெள்ளி பராமரிப்புக் கட்டணம், குடியிருப்பவர் மாறும்போது ஒரு மாதம் வீடு காலியாகக் கிடப்பது ஆகியவற்றையும் கழித்தால் 32,000 வெள்ளி மிஞ்சும். கடன் வட்டி, வருமான வரி, முகவர் தரகு எதையும் நான் இன்னும் தொடவில்லை. அப்படியிருந்தும் கிடைப்பது ஏறத்தாழ 2.2 விழுக்காடுதான், ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கே 2.5 விழுக்காடு தருகிறது. கூடுதல் முத்திரை வரியை மீட்கவே ஏழரை ஆண்டு மிஞ்சும் வாடகை தேவை. விலை ஏறியதும் விற்றுவிடலாம் என்று நினைத்தாலும், 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீட்டை நான்கு ஆண்டுக்குள் விற்றால் விற்பனையாளர் முத்திரை வரி உண்டு. முதல் ஆண்டில் அது 16 விழுக்காடு. வாடகை வருமானத்தை நம்பி இந்த வீட்டை வாங்காதீர்கள் என்பதே என் கருத்து.

கேள்வி (ஈசூன்): மகள் திருமணமாகிப் போய்விட்டாள். அவளுடைய அறையை வாடகைக்கு விடுவது சரியா?

பதில்: புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, புதிய கடனும் இல்லை, கூடுதல் முத்திரை வரியும் இல்லை. முன்கூட்டியே வீவகவின் ஒப்புதலைப் பெறுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக விடக்கூடாது, நீங்களும் அதே வீட்டில் தொடர்ந்து வசிக்க வேண்டும். வருபவர் வெளிநாட்டவர் என்றால், அவருடைய அனுமதி அட்டையின் அசலைப் பார்த்து, கடப்பிதழுடன் ஒப்பிட்டு, அது செல்லுபடியாகிறதா என்று அதை வழங்கிய அமைப்பின் இணையத்தளத்திலும் சரிபாருங்கள். இது சட்டக் கடமை. சமைக்கலாமா, ஏர்கானை இரவில் எத்தனை மணி நேரம் போடலாம், துணி துவைக்கும் இயந்திரத்தை வாரத்தில் எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பவற்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரே வீட்டில் மனக்கசப்பு பெரும்பாலும் இவற்றில்தான் தொடங்குகிறது.

கேள்வி (செங்காங்): நான் நிரந்தரவாசி. வீவக வீட்டை முழுவதுமாக வாடகைக்கு விடலாமா?

பதில்: முடியாது. அறைகளை மட்டுமே விடலாம்.

கேள்வி (ஜூரோங்): குடியிருந்தவர் சுவரைப் பாழாக்கிவிட்டு முன்பணத்தை முழுவதும் திருப்பிக் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: சாவி கொடுத்த நாளில் எடுத்த படங்களும், இருவரும் கையெழுத்திட்ட பொருள் பட்டியலும் உங்களிடம் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நாளடைவில் வண்ணம் மங்கியதற்குப் பணம் பிடிப்பது நியாயமன்று; சுவரில் துளையிட்டுப் பெயர்த்திருந்தால் பழுதுபார்ப்புச் செலவை ரசீதுடன் கழிக்கலாம். உடன்பாடு ஏற்படாவிட்டால், ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மேற்படாத பட்சத்தில், 20,000 வெள்ளி வரையிலான வழக்கைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கும். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருப்பது அவசியம். கட்டாத ஒப்பந்தம் சான்றாக ஏற்கப்படாது. நான்கு ஆண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு அது மொத்த வாடகையில் 0.4 விழுக்காடுதான், வழக்கமாகக் குடியிருப்பவரே கட்டுவார்.

கேள்வி (பொங்கோல்): சிறு செலவுகளுக்கெல்லாம் ரசீது வைத்திருக்க வேண்டுமா?

பதில்: வருமான வரிக்கு, ரசீது இல்லாமலே மொத்த வாடகையில் 15 விழுக்காட்டைச் செலவாகக் கழிக்கலாம், வீட்டுக் கடன் வட்டியை அதற்கு மேல் தனியாகக் கழிக்கலாம். உண்மைச் செலவு அதைத் தாண்டும் ஆண்டில் மட்டும் ரசீதுக் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். அப்போது ரசீதுகளை ஐந்து ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும்.