மகளுக்கு ஹாலந்திலிருந்து அழைப்பு, படிப்பு என்னாவது?

கேள்வி: அக்கா, மகளுக்கு இருபது வயது. ஃபார்மசி இரண்டாம் வருடம் படிக்கிறாள். போன வருடம் தென்னாப்பிரிக்காவின் 21 வயதுக்குட்பட்ட பெண்கள் ஹாக்கி அணிக்கு ஆடினாள். செப்டம்பரில் வரச் சொல்லி ஹாலந்தில் ஒரு கிளப் அழைக்கிறது. தங்க இடமும் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் தருவார்களாம். இப்போது போகாவிட்டால் இனி வாய்ப்பே இல்லை என்று அழுகிறாள். அவள் அப்பா, படிப்பை முடி என்கிறார். பந்து முகத்தில் பட்டால் கல்யாணம் என்னாவது என்று என் மாமியார் புலம்புகிறார். இந்தியாவில் ஹாக்கிப் பெண்களுக்கு ரயில்வேயில் வேலை கொடுக்கிறார்களாமே, இங்கே அப்படி ஒன்றும் கிடையாதா?
- ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்வியில்தான் மற்றதெல்லாம் தொங்குகிறது. கிடையாது.

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் நம் தென்னாப்பிரிக்க அணியை 4-3 என்று வென்றது நினைவிருக்கும். யாருக்குக் கை தட்டுவது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் திணறிய ஆட்டம். இந்தியாவுக்கு மூன்று கோல் போட்ட வந்தனா கட்டாரியாவுக்கு ரயில்வேயில் வேலை. நம் பெண்களுக்கு அப்படியொரு நாற்காலியை யாரும் போட்டு வைக்கவில்லை. அந்த ஒலிம்பிக் தொடக்க விழாவில் நீச்சல் வீரர் சாட் லெ க்ளோஸோடு சேர்ந்து நம் கொடியை ஏந்தி நடந்த ஃபுமெலேலா எம்பான்டே, ஹாக்கியோடு கணக்காயர் படிப்பையும் விடாமல் பிடித்தவர். நாட்டுக்கு ஆடப்போகும் பிள்ளையின் செலவுக்காக ராஃபிள் சீட்டு விற்பதும், அண்டா நிறைய பிரியாணி செய்து பொட்டலம் போடுவதும் இங்கே வழக்கம்தான். நீங்களும் போட்டிருப்பீர்கள்.

நன்றாக ஆடினால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் 2016-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். நம் பெண்கள் ஆப்பிரிக்கச் சாம்பியன்களாகி ரியோவுக்குத் தகுதி பெற்றார்கள். அந்தத் தகுதி போதாது என்று நம் ஒலிம்பிக் அமைப்பே அவர்களை அனுப்பவில்லை. நாலு வருட உழைப்பு, ஒரு தப்பும் செய்யாமலே போயிற்று. அன்று கையில் ஒரு பட்டம் இருந்தவளுக்கு மறுநாள் போக ஓர் இடமாவது இருந்திருக்கும். அதனால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி.

மீதிப் பாதிக்கு என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் 1970-களில் பள்ளியில் ஹாக்கி ஆடியவள். ஆட்டத்துக்கு முன் வரிசையாக நின்று மைதானத்தில் கல் பொறுக்குவோம். நம் தோல் நிறத்துக்குத் தேசிய அணி என்ற பேச்சே கிடையாது. அசாதாரணமான சமூகத்தில் சாதாரண விளையாட்டு இருக்க முடியாது என்றது, நிறவெறியை எதிர்த்த சாக்கோஸ் என்ற விளையாட்டு அமைப்பு. நாங்களும் அதை மனதார ஏற்றுக்கொண்டவர்கள்தான். ஆனாலும் பதினெட்டு வயதில் மட்டையைப் பரணில் போட்ட அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நாடு ஒலிம்பிக்குக்குத் திரும்பியது 1992-ல். பெண்கள் ஹாக்கி அணி போனதோ 2000 சிட்னிக்கு. எனக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது. உங்கள் மகளைப் பார்த்து ஹாக்கியை விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, இனி காலண்டரை எடுங்கள். ஹாலந்தில் லீக் செப்டம்பரில் தொடங்கி, நடுவில் குளிருக்காக நின்று, மே, ஜூன் வரை போகும். நம் யூனிவர்சிட்டி வருடம் பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரை. செப்டம்பரில் கிளம்பினால் இந்த வருடத் தேர்வும் போச்சு, அடுத்த வருடத்தின் முதல் பாதியும் போச்சு. ஒன்பது மாதம் என்று அவள் நினைப்பது படிப்புக் கணக்கில் இரண்டு வருடம்! நவம்பர் தேர்வை எழுதிவிட்டு, குளிர் முடிந்து தொடங்கும் இரண்டாம் பாதிக்கு வரலாமா என்று அவளையே கிளப்பிடம் கேட்கச் சொல்லுங்கள். சரி என்றால் ஒரு வருடம்தான் நஷ்டம். திரும்பி வந்தால் இடம் உண்டு என்று ஃபார்மசி துறையிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். விமான டிக்கெட் யார் எடுப்பது, முழங்கால் லிகமென்ட் கிழிந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, இதையும் கிளப் எழுதித் தர வேண்டும். பெண் ஆட்டக்காரர்களுக்கு முழங்கால்தான் பெரிய வினை.

இரண்டாம் பாதிக்கு ஆள் வேண்டாம் என்று கிளப் சொன்னால்? இந்தத் தடவை விட்டுவிடலாம் என்பேன். அழுவாள். நம் ஹாக்கி அணியின் பீட்டி கோட்ஸியைப் பற்றிச் சொல்லுங்கள். சிட்னியிலும் ஏதென்ஸிலும் ஆடியவர், 2008 பெய்ஜிங்கில் இல்லை. திரும்பி வந்து 2011-ல் டப்ளினில் தன் 221-வது சர்வதேச கோலைப் போட்டு உலக சாதனையை முறியடித்தபோது அவருக்கு 32 வயது. மறு வருடம் லண்டன் ஒலிம்பிக்கும் ஆடினார். இருபது வயதில் கதவு மூடுவதில்லை.

மாமியார் விஷயம். ஹாக்கிப் பந்து கிரிக்கெட் பந்தின் எடைதான், அவர் பயப்படுவதில் தப்பே இல்லை. பெனால்டி கார்னர் என்றதும் ஐந்து பேர் முகமூடியை மாட்டிக்கொண்டு கோல் கோட்டில் குனிந்து நிற்பார்களே, அப்போது நானே விரல் இடுக்கு வழியாகத்தான் பார்ப்பேன். கல்யாணப் பேச்சுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அடுத்த ஆட்டத்துக்கு அவரையும் குயின்ஸ்மீட் ஹாக்கி மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். மடக்கு நாற்காலி, பிளாஸ்க்கில் டீ, நாலு சமோசா. கோலுக்குப் பின்னால் மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள்.