சுரங்கத்துக்கும் கிணற்றுக்கும் இடையே உள்ள பாறை

கேள்வி: எங்கள் கிணற்றின் ஆழம் 30 மீட்டர். அதனருகே 300 மீட்டர் ஆழத்தில் நிலக்கரி வெட்டுகிறார்கள். நடுவில் நீர் புகாத பாறை இருப்பதால் கிணற்றுக்குப் பாதிப்பு வராது என்கிறார்கள். இதை நம்பலாமா?

பதில்: அந்தப் பாறையின் தடிமன் எவ்வளவு, கரியை எந்த முறையில் எடுக்கிறார்கள் என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்.

நிலத்துக்கடியில் ஏரியைப் போல நீர் தேங்கி நிற்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். சுண்ணாம்புக்கல் குகைகளை விட்டுவிட்டால், பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. மணற்பாறையின் நுண்துளைகளிலும் விரிசல்களிலும்தான் நீர் நிறைந்திருக்கிறது. எடுத்துப் பயன்படுத்தும் அளவுக்கு நீர் தரும் அத்தகைய பாறையையே நீர்த்தாங்கி என்கிறோம். நிலக்கரி கிடைக்கும் இடங்களில் மணற்பாறையும் களிப்பாறையும் கரியும் மாறி மாறி அடுக்கடுக்காக அமைந்திருப்பதால், அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நீர்த்தாங்கிகள் இருக்கலாம். அவற்றைப் பிரித்து நிறுத்துவது களிப்பாறை. அதுவும் நீரை முற்றிலும் தடுப்பதில்லை. மிக மிக மெதுவாகக் கசியவிடுகிறது.

பாறையின் ஊடுருவுதிறனும் (நீரைத் தன் வழியே செல்லவிடும் தன்மை) இரு முனைகளுக்கிடையே உள்ள நீர்மட்ட வேறுபாடும் சேர்ந்தே நீரோட்டத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன. இதன் அடிப்படை விதியைப் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி 1856-இல் வெளியிட்டார். சுரங்கத்தில் நீரை இடைவிடாமல் இறைத்து வெளியேற்றுவதால் அங்கே நீரழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. ஆகவே சுற்றியுள்ள பாறைகளிலிருந்து நீர் அதை நோக்கி நகரத் தொடங்குகிறது.

வெட்டும் முறை இங்கேதான் முக்கியமாகிறது. தூண்களை விட்டுவைத்து வெட்டும் முறையில், தூண்கள் தாங்கும்வரை கூரைப்பாறை பெரிதாகக் குலைவதில்லை. லாங்வால் முறையிலோ கரியை முழுதாக எடுத்துவிட்டுக் கூரையை வேண்டுமென்றே சரியவிடுகிறார்கள். சரிந்த பகுதிக்கு மேலே, வெட்டிய உயரத்தைப் போலப் பல பத்து மடங்கு உயரத்துக்குக்கூட ஒன்றோடொன்று தொடர்புள்ள விரிசல்கள் எழலாம். அதற்கும் மேலுள்ள பாறை வளைந்து தாழ்ந்தாலும் பெரும்பாலும் பிளவுபடாமல் நிற்கிறது. மூன்று மீட்டர் தடிமனுள்ள கரியை எடுத்தால், விரிசல் மண்டலம் நூறு மீட்டர் அளவை எட்டக்கூடும். உங்கள் இடத்தில் அதற்கு மேலே கெட்டியான களிப்பாறை எஞ்சியிருந்தால் கிணறு தப்பலாம். பாறை பிளந்து இருபுறமும் இடம்பெயர்ந்த பிளவுப்பெயர்ச்சி ஒன்று குறுக்கே ஓடினால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். இங்கிலாந்தின் டர்ஹாம் கடற்கரைச் சுரங்கங்களில் வட கடலின் அடியிலேயே பல கிலோமீட்டர் தூரம் கரி வெட்ட முடிந்ததற்கு, இடையில் இருந்த பாறையின் தடிமன் ஒரு முக்கியக் காரணம்.

சுரங்கத்தின் தொடர்பால் கிணற்று மட்டம் இறங்கினால், கிணற்று நீரே சுரங்கத்துக்குள் போய்விட்டது என்று உடனே பொருள்கொள்ள வேண்டாம். நீர் நகரும் வேகத்தைவிட அழுத்தக் குறைவு பரவும் வேகம் மிக அதிகம். தவிர, நிலம் தாழும்போது ஆழமற்ற பாறைகளில் புதிதாகத் திறக்கும் இடைவெளிகளை நிரப்புவதற்காகவும் மட்டம் தற்காலிகமாக இறங்குவதுண்டு. அத்தகைய கிணறுகள் சில மாதங்களில் மீள்வதும் உண்டு.

வெட்டத் தொடங்குவதற்கு முன்பே கண்காணிப்புக் கிணறுகளில் வெவ்வேறு ஆழங்களில் அழுத்தத்தை அளந்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்தப் பதிவு இல்லாவிட்டால், வறட்சியால் இறங்கியதா, சுரங்கத்தால் இறங்கியதா என்ற வாதம் முடிவே இல்லாமல் நீளும்.

கேள்வி: சுரங்கத்தை மூடிவிட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுமா?

பதில்: மட்டம் பெரும்பாலும் திரும்பும், அதற்குச் சில ஆண்டுகளோ பல பத்தாண்டுகளோ ஆகலாம். நீரின் தரம் வேறு கதை. கரியோடு இருக்கும் பைரைட்டு என்ற இரும்பு-கந்தகக் கனிமம், சுரங்கக் காற்று பட்டு ஆக்சிகரணம் அடைந்து உப்புகளாக மாறியிருக்கும்; உயர்ந்துவரும் நீர் அந்த உப்புகளைக் கரைத்து, இரும்பும் சல்பேட்டும் மிகுந்ததாக, சில இடங்களில் அமிலமாகவும் மாறுகிறது. அது பழைய சுரங்கவாய் வழியாக வெளிப்பட்டு ஓடைப் படுகையைச் செம்மஞ்சளாக்கலாம். ஆகவே இறைப்பதை நிறுத்துவதற்கு முன்பே, நீர் எந்த உயரத்தில், எந்த வழியாக வெளிவரும் என்று கணித்து, தேவையான இடங்களில் தொடர்ந்து இறைத்துச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.