அப்பப்பாவின் மணிக்கூடும் அம்புக்குறியும்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் உப்புவெளியைச் சேர்ந்தவன். தற்போது டோஹாவில் வேலை செய்கிறேன். சில காலமாகப் பழைய இராணுவக் கைக்கடிகாரங்களைச் சேகரிக்கும் ஆசை பிடித்திருக்கிறது. 'டேர்ட்டி டசின்' எனப்படும் பன்னிரண்டு பிரிட்டிஷ் இராணுவ மணிக்கூடுகளில் ஒன்றையாவது வாங்கிவிட வேண்டும் என்று இருக்கிறேன். அண்மையில் இணையத்தில் ஒருவர் அந்த வரிசையைச் சேர்ந்த ஒமேகா ஒன்றை விற்பனைக்கு விட்டிருக்கிறார். 1942 ஏப்ரலில் யப்பானியர் திருகோணமலையில் குண்டு போட்டபோது துறைமுகத்தில் கடமையிலிருந்த பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் கட்டியிருந்ததாம். எங்கள் ஊரோடு தொடர்புடையது என்பதால் விட மனமில்லை. அது உண்மையானதா என்று எப்படிக் கண்டறிவது? பன்னிரண்டில் எது சிறந்தது? முதலீடாக இது பயன்படுமா? இருளில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசியதைக் கட்டுவது ஆபத்தா?

இன்னொரு விடயம். டொக்யார்ட்டில் (பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில்) வேலை செய்த என் அப்பப்பாவின் வெஸ்ட் என்ட் மணிக்கூடு வீட்டில் சும்மா கிடக்கிறது. ஓடுகிறது, ஆனால் முகம் மஞ்சளித்துப் புள்ளி விழுந்துவிட்டது. கொழும்பில் ஒருவர் முகத்தைப் புதிதாகப் பூசித் தருவதாகச் சொல்கிறார். அப்படிச் செய்து விற்றால் ஒமேகாவுக்குக் கொஞ்சம் பணம் சேரும்.

அன்புடன்,
உப்புவெளி வாசகர்


அன்புள்ள தம்பி,

விலை விசாரிக்கும் கடிதங்களுக்கு நான் வழமையாகப் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம், கடிதத்தின் கடைசிப் பந்தியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த நாலு வரிதான். சென்ற கிழமை உறவினர் ஒருவர், இணையத்தில் வாங்கிய பழைய மணிக்கூடு ஒன்றைப் பெருமையோடு கொண்டுவந்து காட்டினார். எழுபது வருடப் பழசு என்று சொல்லி விற்கப்பட்ட அதன் முகம் மயில்நீல நிறத்தில் பளபளத்தது. விருந்தாளியிடம் சொல்ல முடியாமல் நான் விழுங்கிக்கொண்டதையெல்லாம் இப்போது நீங்கள் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறீர்கள்.

முதலில் அந்த ஒமேகாவை முடித்துவிடுகிறேன். கடைகளில் கிடைத்த சாதாரண மணிக்கூடுகள் போர்க்களத்துக்குத் தாங்கவில்லை என்று கண்ட பிரிட்டிஷ் அரசு, தானே ஒரு வரையறையை வகுத்து, அதன்படி பன்னிரண்டு நிறுவனங்களிடம் செய்வித்தவைதான் நீங்கள் சொல்லும் பன்னிரண்டும். கறுப்பு முகம், 1, 2, 3 என்ற இலக்கங்கள், ஆறு மணிக்குரிய இடத்தில் தனிச் சிறு வட்டத்துக்குள் செக்கன் முள், இருளில் ஒளிரும் பூச்சு, நீர் புகாத கூடு என்று எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு. அவை ஒப்படைக்கப்பட்டது 1945 இல். யப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்துக்கு மேலே வந்தது 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி. உங்கள் விற்பனையாளரின் அதிகாரி மூன்று வருடம் முன்கூட்டியே தன் மணிக்கூட்டைப் பெற்றுக்கொண்ட அதிர்ஷ்டசாலியாக இருந்திருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி எதற்கு, கலண்டர் போதும்.

கதை பொய் என்பதால் பொருளும் பொய்யாகிவிடாது. பின்மூடியின் வெளிப்புறத்தில் மூன்று டபிள்யூ எழுத்துகளும் (நீர் புகாத கைக்கடிகாரம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) அகன்ற அம்புக்குறியும், நிறுவனத்தின் இலக்கம் ஒன்றும் இராணுவத்தின் இலக்கம் ஒன்றும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். முகத்திலும் அதே அம்பு இருக்க வேண்டும். உள்ளே ஒமேகாவின் 30டி2 இயந்திரம் இருக்க வேண்டும். திருத்துநர் ஒருவரிடம் பின்மூடியைத் திறப்பித்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அத்தோடு விட்டுவிடுங்கள். அம்பு அரச உடைமைக்கான அடையாளம் என்பதையும் மறக்க வேண்டாம்: அவை அதிகாரிகளுக்குக் கிடைத்த பரிசுகளல்ல, கையெழுத்திட்டுப் பெற்று, கடமை முடிந்ததும் களஞ்சியத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள்கள். இன்னாருடைய கையில் இருந்தது என்று சொல்பவர் அதற்குக் காகிதம் காட்ட வேண்டும்.

பன்னிரண்டில் எது சிறந்தது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவற்றுள் கிரானா நிறுவனத்தினுடையது அரிது என்பதால் எல்லோரும் அதன் பின்னால் ஓடுகிறார்கள், ஓடட்டும். முதலீடு என்றால் வங்கிக்குப் போங்கள்.

ரேடியத்தைப் பற்றி மட்டும் கவனமாகக் கேளுங்கள். பழைய மணிக்கூடு இருட்டில் ஒளிராவிட்டால் ரேடியம் செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். களைத்துப்போனது அதனோடு கலந்திருந்து ஒளியைத் தந்த துத்தநாக சல்பைட்டு மட்டுமே. ரேடியத்தின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 1600 வருடங்கள்; நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அதன் பெரும்பகுதி அப்படியே இருக்கும். கண்ணாடியும் மூடியும் இறுக்கமாக இருக்கும் ஒன்றை எப்போதாவது கட்டுவதால் பெரிய கேடு வராது. கேடு அதன் தூளில் இருக்கிறது. தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி முகங்களுக்கு ரேடியம் பூசிய அமெரிக்கத் தொழிற்சாலைப் பெண்கள் பலர், தாடை எலும்பு உக்கி இறந்தார்கள். ஆகவே வீட்டு மேசையில் வைத்துத் திறக்க வேண்டாம், சுரண்ட வேண்டாம். உங்கள் கொழும்புக்காரர் செய்யப்போவது சரியாக அந்தச் சுரண்டலைத்தான். அப்பப்பாவின் மணிக்கூட்டு முள்ளிலும் இலக்கங்களிலும் பழைய ஒளிர்பூச்சு இருக்குமானால், அவர் எந்த மேசையில், எந்த முகக்கவசத்தோடு அதைச் சுரண்டுகிறார் என்று கேட்டீர்களா?

சரி, இப்போது விடயத்துக்கு வருகிறேன்.

முகத்தைப் புதிதாகப் பூசுவது என்று நீங்கள் எழுதியிருப்பது, ஏதோ தூசி தட்டுவதைப் போலத் தொனிக்கிறது. அங்கே நடப்பது இதுதான்: முள்களைக் கழற்றி, முகத்தகட்டைப் பிரித்து, அதன் மேலிருக்கும் மெருகு, நிறம், எழுத்து, கோடு அனைத்தையும் வெறும் பித்தளை தெரியும்வரை உரித்துவிடுவார்கள். பிறகு ஒரு நிறத்தை விசிறி, அதன்மேல் பழைய பெயரை அச்சுக் குத்துவார்கள். முதலில் இருந்த எழுத்துகள் செதுக்கிய தகட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. உருப்பெருக்கியின் கீழே பார்த்தாலும் விளிம்பு கலங்காது. புதியவை தடித்திருக்கும், ஒன்றோடொன்று முட்டும், அல்லது விலகி நிற்கும். நிமிடக் கோடு இலக்கத்தின் நடுவுக்கு வராமல் ஓரம் போகும். சிறு செக்கன் வட்டத்தின் விளிம்பு நிறத்துக்குள் மூழ்கி மழுங்கிவிடும். அடியில் 'சுவிஸ் மேட்' என்ற சொற்கள் காணாமற்போகும், அல்லது வளைவு தப்பி நேர்கோட்டில் நிற்கும். சில வேளைகளில் அந்த நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத சிவப்பும் பச்சையும், ஒருபோதும் சூட்டாத பெயரும்கூட வந்துவிடும். இணையத்தில் மலிவாகக் குவிந்து கிடக்கும் பழைய பேவர் லூபா, எச்.எம்.டி., வெஸ்ட் என்ட் ஆகியவற்றில் ஏராளமானவை இப்படி வந்தவைதான். சேகரிப்பவன் இவற்றைப் பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கிவிடுவான் என்பதால், உங்கள் வியாபாரக் கணக்கின்படிகூட இது நட்டம். செலவழித்து விலையைக் குறைக்கப் போகிறீர்கள்.

இராணுவமே முகங்களை மாற்றியதே என்று கேட்பீர்கள். மாற்றியது உண்மை. ரேடியத்தைக் களைவதற்காக பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சு அந்தப் பன்னிரண்டில் பலவற்றின் முகங்களை 1960களில் எடுத்துவிட்டு, 12.3 வருட அரைவாழ்வுக்காலம் மட்டுமே கொண்ட டிரிற்றியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பூசிய முகங்களைப் போட்டது. ஆனால் அதை மறைக்கவில்லை. வட்டத்துக்குள் டிரிற்றியத்தின் ஆங்கில முதலெழுத்தான 'டி'யைப் போட்டு, என்ன செய்தோம் என்பதை முகத்திலேயே எழுதி வைத்தது. அது அந்த மணிக்கூட்டின் சேவைக்காலத்தில் நடந்த ஒரு நிகழ்வு. உங்கள் கொழும்புக்காரர் எதையும் எழுதி வைக்கமாட்டார்.

இதில் எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. என் தகப்பனார் கச்சேரியில் (மாவட்ட அரச அலுவலகத்தில்) எழுதுவினைஞராக இருந்தவர். அவரிடம் 17 கல் ரோமர் மணிக்கூடு ஒன்று இருந்தது. 1964 டிசம்பரில் திருகோணமலையைத் தாக்கிய சூறாவளி இரவில், கூரை போன வீட்டிலிருந்து எங்களைத் தூக்கிக்கொண்டு வெள்ளத்தில் நடந்தபோது அது அவருடைய கையில் இருந்தது. சாவி கொடுக்கும் குமிழ் வழியாக நீர் புகுந்து, மூன்று மணியிலிருந்து நாலு மணி வரை தேநீர் நிறத்தில் ஒரு கறை படிந்துவிட்டது. அப்பா அதைத் திருத்தக் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். பிரதான வீதியில் புடைவைக்கடை ஒன்றின் வாசலோரம், ஓர் ஆள் மட்டும் அமரக்கூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து மணிக்கூடு திருத்தும் பெரியவர் ஒருவர் இருந்தார். இயந்திரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் பெற்றோல் விட்டு ஒவ்வொரு சக்கரமாகக் கழுவி, வெள்ளைக் காகிதத்தில் வரிசையாக வைத்தார். பக்கத்தில் நிற்பவர் தும்மினால் அன்றைய வேலை போய்விடும் என்பதால் என்னை மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கச் சொன்னார். முகத்தகட்டை மட்டும் ஈரம் ஒற்றி எடுத்துவிட்டு அப்படியே திரும்பப் போட்டார். கறையைப் போக்க முடியாதா என்று அப்பா கேட்டதற்கு, "மழை ஓட்டத்துக்குள்ள போகேல்ல, முகத்தோட நிண்டுட்டுது, அதுக்கு நன்றி சொல்லுங்கோ" என்றார். கடைசியாகப் பின்மூடியைக் கவிழ்த்து, அதன் உட்புறத்தில் ஊசிமுனையால் எதையோ கீறி மூடினார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் என் அண்ணன் அந்த ரோமரைக் கழுவி எண்ணெய் விடுவதற்காக வெளியூர்க் கடை ஒன்றில் கொடுத்தார். யாரும் கேட்காமலே முகத்துக்கும் நிறம் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கத்தரிப்பூ நீலம். பெயரில் ஓர் எழுத்து சரிந்திருக்கிறது. அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஆற்றை?" என்று கேட்டார். பின்மூடியின் உட்புறத்தைக் காட்டித்தான் அவரை நம்பவைக்க வேண்டியிருந்தது. அங்கே, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும் மயிரிழைக் கீறலில், '1.65' என்றும் அருகே 'செ' என்றும் இருந்தது. அதற்குக் கீழே வேறு கைகளின் கீறல்களும் திகதிகளும் இருந்தன. நல்ல திருத்துநர்கள் எல்லோரும் இப்படித் தம் வேலையின் திகதியை மூடிக்குள் எழுதிவிடுவார்கள், அடுத்துத் திறப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. முகத்துக்கு நிறம் அடித்தவர் அங்கே எதையும் எழுதவில்லை.

தம்பி, நம் ஊரில் எத்தனை வீடுகளில் 1990 க்கு முற்பட்ட ஒரு புகைப்படமாவது இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உடுத்த உடுப்போடு ஓடியவர்களின் பிள்ளைகள் நாம். மிஞ்சியதில் ஒரு பங்கை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் 2004 இல் கடல் கொண்டுபோனது. இத்தனைக்கும் தப்பி, பெட்டிக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மணிக்கூட்டைப் பற்றி, அதுவும் பிரிட்டிஷார் 1957 இல் கப்பலேறும்வரை டொக்யார்ட்டில் உழைத்த ஒரு மனிதரின் வியர்வை மஞ்சளித்த மணிக்கூட்டைப் பற்றி, 'சும்மா கிடக்கிறது' என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? கோட்டை வாயிலில் இரட்டைக் கயல் பொறித்த கல்வெட்டின் எழுத்துகள் தேய்ந்துவிட்டன என்று சொல்லி ஒருவர் அதை இழைத்து மட்டமாக்கிப் புதிதாக எழுத்து வெட்ட வந்தால், முதல் ஆளாக முகநூலில் கொதிப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருப்பதற்கு மட்டும் அந்த மரியாதை இல்லை. இராணுவ மணிக்கூடுதான் வேண்டும் என்றாலும், வெஸ்ட் என்ட் ஒன்றும் அந்நியமானதல்ல; முதலாம் உலகப் போரில் மெசப்பொத்தேமியாவுக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படையினரின் கைகளில் இருந்த பெயர் அது. அப்பப்பாவுடையதில் அம்பு மட்டும்தான் இருக்காது. முகம் தெரியாத அதிகாரியின் பெயரில் சொல்லப்பட்ட பொய்க்கு நீங்கள் ஊர்ப்பாசத்தால் பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறீர்கள். அதே துறைமுகத்தில் காலையிலிருந்து மாலைவரை நின்றவர் உங்கள் அப்பப்பா.

கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அறையில் தனியே இருந்துகொண்டு, ஊரின் பெயர் ஓர் அறிவித்தலில் வந்தாலே மனம் இளகிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த இளக்கத்தைத்தான் விற்பனையாளர் மணந்து பிடித்திருக்கிறார்.

வெஸ்ட் என்ட்டுக்குச் செய்யவேண்டியது மிகக் கொஞ்சம். விடுமுறையில் வரும்போது, பழைய சாவி மணிக்கூடுகளைத் திறந்து பழகிய ஒருவரிடம் கொடுத்து, இயந்திரத்தைக் கழுவி எண்ணெய் விடச் சொல்லுங்கள். ஓட்டம் குறைந்திருந்தால் சுருள்வில்லை மாற்றலாம். கண்ணாடி கீறியிருந்தால் அதையும் மாற்றலாம். இரண்டும் தேய்ந்து மாற்றப்படுவதற்கென்றே செய்யப்பட்டவை. கூட்டை மினுக்க வேண்டாம், ஓரங்கள் மழுங்கிவிடும். முகத்தைத் தொட வேண்டாம் என்று வாயால் சொன்னால் போதாது, பற்றுச்சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பின்மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று உட்புறத்தைப் படமெடுத்து எனக்கும் ஒன்று அனுப்புங்கள். 'செ' என்ற கீறல் அங்கே இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

பட்டியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டோஹா வெயிலுக்குத் தோல் பட்டி ஒரு கோடையைத் தாண்டாது, வியர்வையை வைத்திருந்து கூட்டையும் அரிக்கும். 1973 இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சு தன் படையினருக்கு வரையறுத்த சாம்பல் நிற நைலோன் பட்டியின் நகல்கள் எங்கும் கிடைக்கின்றன. அமைச்சின் அளவு 20 மில்லிமீற்றர். அப்பப்பாவினுடையது அதைவிட ஒடுக்கமாக இருக்கக்கூடும், அளந்து பார்த்து வாங்குங்கள்.

அன்புடன்.